இன்றைக்கு இன்றைய பலம்

அன்றாடப் போராட்டங்களில் கிறிஸ்தவ விசுவாசம் தரும் ஆறுதலையும் வழிகாட்டுதலையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பழகிய தலைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இதைப் பற்றி நாம் பாடியது அதிகம், யோசித்தது குறைவு. ஆகவே இன்று சற்று யோசிப்போம். எதிர்க் கேள்விகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து யோசிப்போம்.

பெருந்துன்பம் ஒரு வீட்டுக்கு வந்தால் ஊரே கூடுகிறது. பந்தல் போடுகிறார்கள், நாற்காலி இறக்குகிறார்கள், அடுத்த தெருவிலிருந்து காபி வருகிறது, ஆயர் வந்து ஜெபிக்கிறார். அன்றாடத் துன்பத்துக்குப் பந்தல் உண்டா? அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டும் தேதி நெருங்குகிறது. அதற்காக யாராவது கையைப் பிடித்து ஆறுதல் சொல்கிறார்களா? பக்கவாதத்தில் விழுந்த தாயை இரவில் இரண்டு முறை எழுந்து திருப்பிப் படுக்கவைக்கும் மகளுக்கு இது மூன்றாவது வருடம். முதல் மாதம் ஆப்பிள் பையோடு வந்த உறவினர்கள் இன்று தொலைபேசியிலும் விசாரிப்பதில்லை. பட்டம் வாங்கிய மகன் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறான். அவன் முன்னால் யாரும் அதைப் பேசுவதில்லை, ஆனால் அந்த வீட்டில் வேறு எதைப் பற்றியும் யாரும் நினைப்பதில்லை. இவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வாய் நிறையப் பாடுகிறார்கள். திங்கட்கிழமை காலை கண் விழிக்கிறார்கள். அந்தத் திங்கட்கிழமைக்கு விசுவாசம் என்ன சொல்கிறது? இதுதான் இன்றைய கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சான்றுகளை வைக்கிறேன். கிறிஸ்தவ விசுவாசம் துன்பத்திலிருந்து யாருக்கும் விலக்குச் சீட்டு கொடுப்பதில்லை. வாழ்க்கை முழுவதற்குமான வரைபடத்தையும் கையில் தருவதில்லை. அது தருவது மூன்று. இன்றைய நாளைத் தாங்கும் பலம். அடுத்த ஒரு அடிக்கான வெளிச்சம். கூட நடக்க ஒரு துணை. பலம், வெளிச்சம், துணை. இந்த மூன்றுக்கும் அளவு ஒரு நாள். இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் சோர்ந்து விழுவது இன்றைய சுமையால் மட்டுமா? நேற்றைய சுமையையும் நாளைய சுமையையும் இன்றைய தோளில் ஏற்றுகிறோம். மூன்று நாளின் பாரத்தை ஒரு நாளின் பலத்தால் தூக்கப் பார்க்கிறோம். விசுவாசம் அந்தக் கணக்கைத் திருத்துகிறது.

இதற்கு என்ன சான்று? முதல் சான்று நம் நாவிலேயே இருக்கிறது. இயேசு தம் சீடர்களுக்கு ஒரு ஜெபம் கற்றுக்கொடுத்தார். நாம் பரமண்டல ஜெபம் என்கிறோம். மழலை பேசும் பிள்ளைக்கும் மனப்பாடம். அதில் உணவுக்காக ஒரு விண்ணப்பம் இருக்கிறது. எத்தனை நாளைக்கான உணவு? களஞ்சியம் நிறையக் கேட்கச் சொன்னாரா? ஒரு வருடத்துக்குக் கேட்கச் சொன்னாரா? அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் கேட்கச் சொன்னார். இரண்டாவது சான்று இன்னும் பழையது. எகிப்திலிருந்து புறப்பட்ட ஜனங்களுக்கு வனாந்தரத்தில் மன்னா கிடைத்த செய்தி யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அன்றன்றைய அளவு மட்டும் எடுக்க வேண்டும். சிலர் நாளைக்கும் இருக்கட்டும் என்று மிச்சம் வைத்தார்கள். விடிவதற்குள் அது புழுத்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் மட்டும் இரண்டு பங்கு; அது கெடவில்லை. பாருங்கள், ஓய்வுக்காகச் சேர்த்தது நின்றது. பயத்தினால் சேர்த்தது கெட்டது. சேமிப்பு தவறு என்று இந்தப் பகுதி சொல்லவில்லை. நாளையைப் பற்றிய பயத்தைச் சேமிக்க முடியாது என்று சொல்கிறது.

மூன்றாவது சான்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முதலாம் இராஜாக்கள் புத்தகத்தில் 19ஆம் அதிகாரம். எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்டவர். அதையடுத்து யேசபேல் அரசியின் கொலை மிரட்டல் வருகிறது. ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டுத் தனியே ஒரு நாள் பயணம் வனாந்தரத்தில் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். தீர்க்கதரிசிதான், வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய மனிதர்தான், சாக வேண்டும் என்று கேட்கிறார். இப்போது பரலோகம் என்ன செய்தது? கண்டித்ததா? அவிசுவாசி என்றதா? பிரசங்கம் பண்ணியதா? அவர் தூங்கினார், தூங்கவிட்டது. ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தணலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டார். மறுபடி படுத்தார். மறுபடியும் தூங்கவிட்டது. இரண்டாம் முறை தூதன் எழுப்பிச் சாப்பிடச் சொன்னபோது ஒரு காரணமும் சொன்னான்: போக வேண்டிய தூரம் உன் பலத்துக்கு மிஞ்சியது என்றான்.

அதன் பிறகுதான் நாற்பது நாள் நடை. அதன் பிறகுதான் ஓரேப் மலைக் குகை. அங்கேயும் கட்டளைக்கு முன் கேள்வி வருகிறது: இங்கே உனக்கு என்ன காரியம்? எலியா தன் மனக்குறையை எல்லாம் கொட்டுகிறார். நான் ஒருவனே மிஞ்சியிருக்கிறேன் என்கிறார். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்துபோன பின் ஒரு மெல்லிய சத்தம், அதே கேள்வி. எலியா அதே குறையை வார்த்தை மாறாமல் திரும்பச் சொல்கிறார். இதை ஏற்கெனவே சொல்லிவிட்டாயே என்று கடவுள் சொல்லவில்லை! இரண்டாம் முறையும் கேட்டுக்கொண்டார். பிறகு வேலை கொடுத்தார்; போ, இன்னாரை அபிஷேகம் பண்ணு என்றார். எலிசா என்ற ஒரு துணையைக் கொடுத்தார். ஒருவனல்ல, இன்னும் ஏழாயிரம் பேர் உண்டு என்று கணக்கையும் திருத்தினார். உறக்கம், உணவு, கேட்கும் காது, வேலை, துணை. வரிசையைக் கவனியுங்கள். நம் வீடுகளிலும் சபைகளிலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறோம். முதலில் புத்திமதி, பிறகு வேலை, கடைசியில் நேரமிருந்தால் ஒரு வாய் சோறு!

இந்த வரிசையிலிருந்து முதல் உண்மை பிறக்கிறது. ஆறுதலின் வாசல் புலம்பல். நம்மில் பலர் கடவுளிடம் முறையிடுவதே அவிசுவாசம் என்று நினைக்கிறோம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நெஞ்சு வெந்துகொண்டிருந்தாலும், ஸ்தோத்திரம், நன்றாக இருக்கிறோம் என்கிறோம். ஆனால் வேதம் என்ன சொல்கிறது? சங்கீதப் புத்தகத்தில் 150 சங்கீதங்கள். அவற்றில் துதிப்பாட்டுகளுக்குச் சற்றும் குறையாமல் புலம்பல் பாட்டுகள் இருக்கின்றன. எதுவரைக்கும் என்று கடவுளையே கேட்கின்றன. ஏன் முகத்தை மறைத்தீர் என்று கேட்கின்றன. பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்புகின்றன. ஆனால் 88ஆம் சங்கீதம் திரும்பவே இல்லை. கதறலோடு தொடங்கி இருளோடு முடிகிறது. அதையும் வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. ஏன்? இன்னும் விடியாதவர்களுக்கும் ஒரு ஜெபம் வேண்டும் என்பதால். யோபுவின் கதையும் இதைத்தான் சொல்கிறது. அவருடைய நண்பர்கள் ஏழு நாள் இராப்பகலாக அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். முடிவில் கடவுள் கடிந்துகொண்டது யாரை? விளக்கம் சொன்ன நண்பர்களை! முறையிட்ட யோபுவையோ, தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவன் என்றார்.

இப்போது எதிர்க் கேள்விகளுக்கு வருவோம். முதல் கேள்வி வலிமையானது. சமயத்தை அபினோடு ஒப்பிட்டுப் பேசினார் கார்ல் மார்க்ஸ். அதே பத்தியில் ஒடுக்கப்பட்டவனின் பெருமூச்சு என்றும் அதை அவர் கண்டார். ஆகவே அவர் வெறுப்பில் மட்டும் பேசவில்லை. வலியை மறக்கச் செய்து, வலிக்குக் காரணமானதை அப்படியே நிற்கவிடுகிறது சமயம் என்பது குற்றச்சாட்டு. இதைக் கிறிஸ்தவர்கள் அலட்சியமாகத் தள்ளக் கூடாது. அடிபட்ட மனைவியிடம் பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பிய இடங்கள் உண்டு. சாதியால் தள்ளப்பட்டவரைப் பரலோகத்தில் எல்லோரும் சமம் என்று சமாதானப்படுத்திவிட்டு, ஆலயத்தில் தனியே உட்காரவைத்த வரலாறும் நம் திருச்சபைகளுக்கு உண்டு. அங்கெல்லாம் சமயம் அபினாகத்தான் இருந்தது. ஆனால் அது விசுவாசத்தின் இயல்பா, விசுவாசத்துக்குச் செய்த துரோகமா?

சிலுவையைப் பாருங்கள். மாற்குவின் சுவிசேஷத்தில் ஒரு சிறு செய்தி. சிலுவையில் அறையப்படும் முன் இயேசுவுக்கு வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் கொடுக்கிறார்கள். வலியை மந்தப்படுத்தும் பானம் என்று வேத அறிஞர் பலர் விளக்குகிறார்கள். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கிறிஸ்தவத்தின் மையத்தில் நிற்பவர் மயக்கத்தை மறுத்தவர்! அவர் பெயரால் தரப்படும் ஆறுதல் எப்படி மயக்கமாக இருக்க முடியும்? இன்னொரு சான்று ரூத்தின் புத்தகம். கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பிய நகோமி, கசப்பு என்று பொருள்படும் பெயரால் தன்னைக் கூப்பிடச் சொல்கிறாள். அவளுக்கு ஆறுதல் எப்படி வந்தது? அறுவடை வயலில் சிந்தும் கதிரை எடுத்துவிடாமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்று நியாயப்பிரமாணத்தில் ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தை மதித்த ஒரு வயல்காரர் இருந்தார். வெயிலில் குனிந்து கதிர் பொறுக்க மருமகள் ரூத் இருந்தாள். சட்டம், நேர்மை, உழைப்பு. இந்த மூன்றின் வழியாகத்தான் அந்த வீட்டு அடுப்பில் ஆறுதல் எரிந்தது. நீதியில்லாத ஆறுதலை வேதம் அறியாது.

வரலாற்றிலிருந்தும் ஒரு சாட்சியைக் கூப்பிடுவோம். ஜான் பனியன் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பக்கத்தில் ஊர் ஊராகப் பாத்திரம் அடைத்துப் பிழைத்த தொழிலாளி. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660இல் சிறையில் போட்டார்கள். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வாக்குக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம். கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருடம் உள்ளே இருந்தார். வெளியே மனைவி, நான்கு பிள்ளைகள். மூத்த மகளுக்குக் கண் தெரியாது. அந்த மகளை நினைத்து நெஞ்சு பிளந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். மனைவி எலிசபெத் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? நீதிபதிகள் முன் போய் நின்று கணவனுக்காக வாதாடினார். பனியன் சிறைக்குள் கயிற்று நாடாக்களுக்கு முனை கட்டி விற்கக் கொடுத்து, வீட்டுச் செலவுக்கு வழி செய்தார். விசுவாசம் அவரை மயக்கியிருந்தால் வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்திருப்பார்; அல்லது பிள்ளைகளை மறந்து பாடிக்கொண்டிருந்திருப்பார். அவர் இரண்டும் செய்யவில்லை. மனச்சாட்சியை விடவில்லை, நாடாவையும் விடவில்லை. அவர் எழுதிய மோட்சப் பிரயாணம் 1678இல் வெளிவந்தது. அதைத் தழுவித்தான் திருநெல்வேலிக் கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, கம்பனில் ஊறிய தமிழில், இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தைப் பாடி 1894இல் தந்தார். ஒரு பாத்திரத் தொழிலாளியின் பாடு, கடல் கடந்து, இரண்டு நூற்றாண்டு கடந்து, தமிழனுக்கும் வழித்துணையாயிற்று.

இரண்டாம் கேள்வி நம் உள்ளேயிருந்து எழுவது. கேட்டேன், கிடைக்கவில்லையே! உபவாசம் இருந்து ஜெபித்தேன், நோய் தீரவில்லையே! இதற்குக் குறுக்குவழிப் பதில் ஒன்று நம் நடுவே உலவுகிறது: உனக்கு விசுவாசம் போதவில்லை என்பது. இதைவிடக் கொடுமையான வார்த்தை இல்லை. நோயாளியின் தலையில் நோயோடு குற்றவுணர்ச்சியையும் ஏற்றி வைக்கிறது. அது வேதத்துக்கும் பொருந்தவில்லை. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, இது யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டார்கள். இருவருமல்ல என்றார் இயேசு. அப்போஸ்தலர் பவுல் தன் சரீரத்தில் குத்திய முள் நீங்க மூன்று முறை வேண்டினார்; நீங்கவில்லை; தாங்கும் கிருபை கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லையா? கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே தம் பாடுகளின் பாத்திரம் நீங்கக் கேட்டார், நீங்கவில்லை. அவருக்கும் விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்லத் துணிவார்களா?

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். தோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயானார். ஓடியாடி உழைத்த அந்த அம்மையார் 1931இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். அன்றிலிருந்து 1951இல் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது வருடம் அறைக்குள்ளேயே வாழ்க்கை, பெரும்பாலும் படுக்கை. சுகத்துக்காக ஜெபிக்க ஆளில்லாமல் இல்லை, ஊரே ஜெபித்தது. சுகம் வரவில்லை. என்ன வந்தது? அந்தப் படுக்கையிலிருந்து நூல்கள் வந்தன, கடிதங்கள் வந்தன. நோயாளிகளுக்கென்று ஆரோக்கியமானவர்கள் எழுதிய ஆறுதல் வார்த்தைகள் தம்மை எட்டவில்லை என்பதை அவர் கண்டார். ஆகவே நோயாளியாக இருந்து நோயாளிகளுக்கு எழுதினார். வலியை அழகு என்று அவர் சொல்லவில்லை. வலிக்குள்ளிருந்து இன்னொருவரைத் தேடிக் கை நீட்டினார். இதுதான் கிறிஸ்தவ ஆறுதலின் தனி இயல்பு. அது வாங்கினவரிடம் நின்றுவிடாது. பெற்ற ஆறுதலால் மற்றவரைத் தேற்றுவதற்காகவே ஆறுதல் தரப்படுகிறது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதன் பொருள் அந்த அறையில் விளங்கியது.

ஆறுதலைப் பார்த்தோம், வழிகாட்டுதலுக்கு வருவோம். எந்தப் படிப்பு? எந்த வேலை? எந்த வரன்? கடவுள் காட்டுவாரா? ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம்; அந்த வசனத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுகிறோம். நல்ல பழக்கம், ஒரு வசனம் ஒரு வருடம் முழுவதும் கண்ணில் படுவது நல்லது. ஆனால் கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை வைத்துக் கல்யாணத்தை முடிவு செய்யலாமா? அது வேதத்தைச் சீட்டுக் குலுக்கலாக ஆக்குவது. அறிவு கொடுத்த கடவுள் அதைக் கழற்றி வைக்கச் சொல்வாரா? வேதத்தைத் தொடர்ச்சியாக வாசித்துப் பழகிய மனம் ஒரு கோணலை எட்டத்திலேயே அடையாளம் காணும். ஜெபம் அவசரத்தைத் தணிக்கும். அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை நம் ஆசை மறைத்ததைக் காட்டும். கடைசியில் ஒரு சோதனை: இந்த முடிவால் நான் அயலானை நேசிக்கிறேனா, நசுக்குகிறேனா? வரதட்சணை பேசிவிட்டு, கர்த்தர் காட்டிய வரன் என்று சொல்ல முடியாது. லஞ்சம் கொடுத்து வாங்கிய வேலைக்கு ஸ்தோத்திரக் காணிக்கை போட முடியாது. வழிகாட்டுதல் வேண்டும் என்று கேட்பவன், வழிகாட்டப்படச் சம்மதிக்கவும் வேண்டும்.

அடுத்த அடிக்கு மட்டும் வெளிச்சம் என்று சொன்னேனே, அதற்கு வேலூரில் ஒரு சாட்சி. கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவர். 1954இல் ஒரு வாகன விபத்து; முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அன்றைக்கு யாராவது அவரிடம், நீ இந்த நாட்டின் மறுவாழ்வு மருத்துவத்துக்கு முன்னோடியாவாய் என்று வரைபடம் விரித்துக் காட்டினார்களா? இல்லை. முதல் வெளிச்சம் சிறியது: கால்தான் அசையாது, கை அசைகிறது. அடுத்தது: தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். அங்கே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் அந்த வழியைக் காட்டினார். சக்கர நாற்காலியிலிருந்து மேரி அறுவை சிகிச்சை செய்தார். நடக்க முடியாத மருத்துவர், பிடிக்க முடியாத கைகளைப் பிடிக்க வைத்தார்! அதன் பின் வெளிநாட்டுப் பயிற்சி, அதன் பின் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறை, 1972இல் பத்மஸ்ரீ. அவர் விசுவாசி, நடக்க வேண்டும் என்று வேண்டாமலா இருந்திருப்பார்? கிடைத்தது வேறு. ஒவ்வொரு அடி வைத்த பிறகே அடுத்த அடி தெரிந்தது.

இங்கே மூன்றாம் கேள்வியையும் தீர்த்துவிட வேண்டும். விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு, மனநல மருத்துவர் எதற்கு என்று கேட்பவர்கள் நம் நடுவே உண்டு. நான் கேட்கிறேன்: எலியாவுக்குத் தூதன் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும்தானே? பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர்தானே? அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் வயிற்றுக்கும் எதைக் குடிக்க வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதவில்லையா? 1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியது விசுவாசம் குறைந்ததாலா, விசுவாசம் உந்தியதாலா? மனச்சோர்வு நீடிக்கிறதா, தூக்கம் போய்விட்டதா, வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறதா? ஜெபியுங்கள், அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். மாத்திரை சாப்பிடும் விசுவாசியை இரண்டாம் தர விசுவாசியாகப் பார்க்கும் கண் நமக்கு வேண்டாம்.

கடைசிக் கேள்வி. விசுவாசம் இல்லாதவர்களும் துணிவோடு துன்பத்தைத் தாங்குகிறார்களே. வேறு சமயத்தாரும் அமைதி காண்கிறார்களே? உண்மை, அதை மறுக்க நான் இங்கே வரவில்லை. மனித மனத்தின் துணிவு எங்கே கண்டாலும் வணங்கத்தக்கது. கிறிஸ்தவன் சொல்வது இதுதான்: நான் தாங்கும் பலம் என் கையிருப்பு மட்டுமல்ல. என் கையிருப்பு தீர்ந்துபோன இடத்திலும் என்னைத் தாங்க ஒருவர் உண்டு. அவர் பசியை அறிந்தவர், நண்பன் கைவிட்டதை அறிந்தவர், வியர்த்து நடுங்கி ஜெபித்ததை அறிந்தவர். துன்பத்தை மேலிருந்து விளக்காமல் உள்ளே வந்து சுமந்த கடவுள் என்பதே எங்கள் நம்பிக்கையின் நெஞ்சம். இதைத் தர்க்கத்தால் ஒருவர் வாயில் திணிக்க முடியாது. ஆனால் இதை நம்பி வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்கலாம். பனியனைப் பார்த்தோம், ஏமி அம்மையாரைப் பார்த்தோம், மேரி வர்கீஸைப் பார்த்தோம். மூவரும் துன்பத்திலிருந்து தப்பவில்லை. மூவரும் துன்பத்தோடு முடிந்துபோகவும் இல்லை.

ஆகவே, அன்பர்களே, கேட்டுவிட்டுக் கலைந்துபோவதற்காக நாம் கூடவில்லை. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்று கலாத்தியருக்கு எழுதிய பவுல், அதே அதிகாரத்தில் அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் எழுதினார். இரண்டும் சேர்ந்ததுதான் சபை. சுமையுள்ளவர்களே, உங்கள் பங்கு இது: நாளைக் காலை எழுந்ததும் அந்த நாளின் பலத்தை மட்டும் கேளுங்கள், அடுத்த மாத வட்டிக்கு இன்றைக்கே சாகாதீர்கள். கடன் இருந்தால் மறைக்காமல் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அதுவும் விசுவாசத்தின் செயல்தான். சுமை குறைந்தவர்களே, உங்கள் பங்கு இது: ஜெபித்துக்கொள்கிறேன் என்று சொல்வதோடு நிற்காதீர்கள். வருடக்கணக்காக நோயாளியைப் பார்க்கும் அந்த மகளிடம், இந்தச் சனிக்கிழமை இரவு நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு என்று சொல்லுங்கள். வேலையில்லாத பையனிடம் புத்திமதி சொல்லாமல், விண்ணப்பம் எழுத உட்காருங்கள். மூப்பர்களே, சபைக் கணக்கில் பள்ளிக் கட்டணத்துக்கென்று ஒரு தலைப்பு இல்லையென்றால் அடுத்த கூட்டத்திலேயே அதைச் சேருங்கள். ஆயர்களே, 88ஆம் சங்கீதத்தைப் பீடத்திலிருந்து வாசியுங்கள். அழுகிறவர்களுக்கும் கோவிலில் இடம் உண்டு என்று அவர்கள் காது கேட்கட்டும்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரே வார்த்தை. வாழ்க்கை முழுவதும் தெரிந்த பிறகுதான் அடி எடுத்து வைப்பேன் என்று நிற்காதீர்கள். இன்று தெரிகிற கடமை எது? அதைச் செய்யுங்கள். இன்று தெரிகிற அநியாயம் எது? அதற்கு உடன்படாதீர்கள். இன்று உங்கள் பக்கத்தில் சோர்ந்திருப்பவர் யார்? அவரோடு நடங்கள். இப்படி நடக்கிறவர்களின் வழியாகத்தான் கடவுளின் ஆறுதல் தெருவுக்கு வருகிறது, வீட்டுக்கு வருகிறது, திங்கட்கிழமைக்கும் வருகிறது. பலத்தை அன்றன்று கேட்போம். வெளிச்சம் தெரிந்த மட்டும் நடப்போம். ஒருவரையும் தனியே நடக்கவிட மாட்டோம். இந்தத் தீர்மானத்தோடு புறப்படுவோம்.